மின்கலத்தின் கதை – 11: 4.2 வோல்ட் கோடு

நிக்கல் காட்மியம் செல்லுக்குப் பொறுமை அதிகம். சென்ற வாரம் பார்த்த அந்தக் கனத்த சார்ஜர் பெட்டிக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு டையோடு, ஒரு ரெசிஸ்டர், சரக்கு அவ்வளவுதான். செல்லின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தை 14 மணி நேரம், 16 மணி நேரம் என்று அது பாட்டுக்கு விட்டுக்கொண்டே இருக்கும். செல் நிறைந்ததா இல்லையா என்று பார்க்கிற வேலையெல்லாம் அதற்கு இல்லை. நிறைந்த பிறகு வரும் மின்சாரம் செல்லுக்குள் ஆக்சிஜனைக் கிளப்பும். அந்த ஆக்சிஜன் எதிர்ப்பக்கத் தகட்டில் போய்ச் சேர்ந்து மறையும், மிச்சமெல்லாம் சூடு. இரவில் சொருகிவிட்டு மறுநாள் மதியம் ஞாபகம் வந்து பிடுங்கினாலும், செல் கொஞ்சம் சுடும். அதற்கு மேல் ஒன்றும் ஆகாது.

லித்தியத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது.

1970களில் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் ஒரு பக்கம் டைட்டானியம் டைசல்ஃபைடு, மறுபக்கம் லித்தியம் உலோகம் என்று வைத்துச் செல் செய்தார். செல் நன்றாகவே வேலை செய்தது. இடையிடையே எரியவும் எரிந்தது. தீயணைப்புப் படை பலமுறை வரவேண்டியிருந்தது. லித்தியத் தீயை அணைக்கப் பயன்படும் தனி ரசாயனத்துக்கு இனி ஆய்வகம்தான் காசு கொடுக்க வேண்டும் என்று அவர்கள் மிரட்டியதாக நோபல் குழு வெளியிட்ட குறிப்பே சொல்கிறது. சிக்கல் இதுதான்: சார்ஜ் ஏறும்போது லித்தியம் தகட்டின் மேல் சமமாகப் படிவதில்லை. ஊசி ஊசியாக முளைக்கும். முளைத்த ஊசி நடுவிலுள்ள மெல்லிய தாளைத் துளைத்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டால், உள்ளுக்குள்ளேயே ஷார்ட்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மோலி எனர்ஜி என்றொரு நிறுவனம் இந்த ஊசிகளைச் சமாளித்துவிட்டதாக நம்பி, லித்தியம் உலோகச் செல்களைப் பெருமளவில் தயாரித்தது. 1989இல் ஜப்பானில் கைத்தொலைபேசி ஒன்றுக்குள் இருந்த அதன் செல் தீப்பிடித்து, வைத்திருந்தவருக்குக் காயம் ஏற்பட்டது. விற்ற செல்களைத் திரும்பப் பெற்றதோடு நிறுவனம் கடனில் மூழ்கிக் கைமாறியது. லித்தியம் உலோகத்தைக் கைபேசிக்குள் வைக்கும் ஆசை அப்போதைக்கு அத்தோடு நின்றது.

ஜப்பானில் அசாஹி கசேயில் வேலை பார்த்த அகிரா யோஷினோ அதற்குள் வேறு வழியில் போயிருந்தார். உலோகத்தை அடியோடு எடுத்துவிட்டார். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு கண்டறிந்த லித்தியம் கோபால்ட் ஆக்சைடை ஒரு பக்கமும், பெட்ரோலியம் கோக் என்ற கரிப்பொருளை மறுபக்கமும் வைத்தார். லித்தியம் அயனிகள் இங்கிருந்து அங்கே போகும், அங்கிருந்து இங்கே வரும். உலோகமாக எங்கும் தங்காது. 1986இல் வெடிமருந்து சோதிக்கும் இடம் ஒன்றை இரவல் வாங்கி, இந்தச் செல்லின் மேல் கனத்த இரும்புக் கட்டியைப் போட்டுப் பார்த்தார். நசுங்கியது, எரியவில்லை. லித்தியம் உலோகம் வைத்த செல்லின் மேல் அதே கட்டியைப் போட்டதும் குபீரென்று பற்றியது. லித்தியம் அயனி பேட்டரி பிறந்தது அந்த நாளில்தான் என்று யோஷினோ பிற்பாடு சொல்வதுண்டு. 1991இல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019இல் விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ மூவரும் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வழக்கமாகக் கதையை இங்கே முடித்துவிடுவார்கள். என் கணக்கில் இது பாதிதான். யோஷினோவின் செல் சாதுவானது என்பது உண்மை; ஆனால் ஒரு நிபந்தனையின் பேரில். சார்ஜ் செய்யும்போது செல்லின் வோல்டேஜ் ஒரு கோட்டைத் தாண்டக் கூடாது. அந்தக் கோட்டைக் காப்பது வேதியியல்காரர்களின் கையில் இல்லை. அது சர்க்யூட் போடுகிறவர்கள் தலையில் வந்து விழுந்தது. அவர்களில் யாருக்கும் நோபல் கிடைக்கவில்லை. பெரும்பாலானோர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

அந்தக் கோடு ஏன் இவ்வளவு கறார்?

கோபால்ட் ஆக்சைடு பக்கம் முதலில். 4.2 வோல்ட்டில் அதிலுள்ள லித்தியத்தில் ஏறக்குறைய பாதி வெளியே வந்திருக்கும். மீதிப் பாதிதான் அந்தப் படிக அடுக்குகள் சரிந்துவிடாமல் தாங்கி நிற்கிறது. அதையும் உருவப் பார்த்தால் அடுக்கு குலையும். சூடு ஏறினால் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜன் பிரியும். செல்லுக்குள் இருக்கும் மின்பகு திரவமோ எரியக்கூடிய கரைப்பான். எரிபொருளும் ஆக்சிஜனும் ஒரே டப்பாவுக்குள். இப்படி எரிகிற செல்லின் மேல் கோணியைப் போட்டு மூடிப் பயனில்லை, வெளிக்காற்று அதற்குத் தேவையே இல்லை.

இனி கரிப் பக்கம். கோக் போய்ப் பிறகு கிராஃபைட் வந்தது. அதன் அடுக்குகளுக்கு நடுவே ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கில் இடம் உண்டு. பஸ் ஸ்டாண்டில் காலி பஸ் வந்து நின்றால் முதல் கூட்டம் ஓடி ஏறி உடனே உட்கார்ந்துவிடும். முக்கால்வாசி நிறைந்த பிறகு ஏறுகிறவர் இடம் தேடி உள்ளே நகர வேண்டும், நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் பின்னாலிருந்து நெட்டித் தள்ளினால் ஆட்கள் படிக்கட்டில் தொங்குவார்கள். லித்தியமும் அதையேதான் செய்கிறது. உள்ளே இடம் கிடைக்காதது கிராஃபைட்டின் மேற்பரப்பில் உலோகமாகப் படிகிறது. அதாவது, யோஷினோ வெளியே அனுப்பிய உலோகம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. படியில் பயணம் நொடியில் மரணம் என்று நம் பஸ்களில் எழுதியிருப்பதை லித்தியம் அயனி செல்லின் மேலும் எழுதலாம்.

ஆகவே புது விதமான சார்ஜர் தேவைப்பட்டது. முதல் கட்டத்தில் மின்னோட்டம் மாறாமல் ஓடும். செல்லின் வோல்டேஜ் மெல்ல ஏறும். 4.2ஐத் தொட்டதும் சார்ஜர் அந்த வோல்டேஜைப் பிடித்துக்கொண்டு நிற்கும், மின்னோட்டம் தானாகக் குறைந்துகொண்டே வரும். தொடக்கத்தில் ஓடியதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியதும் முழுசாக நிறுத்திவிடும். கைபேசியில் சார்ஜ் 80 வரை ஓட்டமாக ஓடி, அதன்பின் நத்தையாகிறதே என்று அலுத்துக்கொள்கிறோம் அல்லவா, அந்த இரண்டாம் கட்டம்தான் அது. செல் மிகவும் காய்ந்து 3 வோல்ட்டுக்குக் கீழே கிடந்தால், முதலில் கொஞ்சமாக மின்சாரம் விட்டு அதைத் தேற்றிய பிறகே முழு வேகம்.

காகிதத்தில் இது எளிது. சிக்கல் துல்லியத்தில். 4.2 வோல்ட்டில் ஒரு சதவீதப் பிசகுக்குத்தான் அனுமதி. அதாவது 42 மில்லிவோல்ட். கோட்டுக்கு மேலே போனால் ஆபத்து. சரி, பத்திரமாகக் கொஞ்சம் கீழேயே நிறுத்திக்கொள்ளலாம் என்றால், 4.1இல் நிறுத்தும் செல் ஏறக்குறைய பத்து சதவீதக் கொள்ளளவை இழக்கிறது. விற்கிறவனுக்கு அந்தப் பத்து சதவீதம் பெரிய காசு. தொடக்க காலச் செல்கள் 4.1க்கு என்றே செய்யப்பட்டவை. பிறகு வந்தவை 4.2. இரண்டும் சந்தையில் கலந்திருந்த நாட்களில் சார்ஜர் ஐ.சி.களை 4.1 ரகம், 4.2 ரகம் என்று தனித்தனியாக விற்றார்கள். மாற்றிப் பொருத்தினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெயிலிலும் குளிரிலும் நகராத அளவுகோல் ஒன்று சில்லுக்குள் இருந்தால்தான் இந்தக் கோட்டைப் போட முடியும். அதிர்ஷ்டவசமாக அது ஏற்கெனவே தயாராக இருந்தது. சிலிக்கானின் இயல்பிலிருந்தே சுமார் 1.2 வோல்ட் நிலையான அளவு ஒன்றைக் கறந்தெடுக்கும் சர்க்யூட்டை 1970களின் தொடக்கத்தில் பாப் விட்லர் உருவாக்கியிருந்தார். 1974இல் பால் புரோகா அதை இன்னும் செம்மைப்படுத்தினார். இருவரும் பேட்டரியை மனத்தில் வைத்து அதைச் செய்யவில்லை. இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி 4.2 எது என்று தெரிந்துகொள்வது அந்த வகைச் சர்க்யூட்டைக் கேட்டுத்தான்.

சார்ஜர் சரியாக இருந்தால் போதாதா, இன்னொரு காவல் எதற்கு? சார்ஜர் பழுதாகலாம். மூட்டையில் வந்த மலிவுச் சார்ஜரில் அளவுகோலே இல்லாமல் போகலாம். பேட்டரியின் இரு முனைகளும் சாவிக்கொத்தில் பட்டு ஷார்ட் ஆகலாம். இதையெல்லாம் எண்ணித்தான் கைபேசிக்கும் கேமராவுக்குமான லித்தியம் அயனி பேட்டரிகள் ஒவ்வொன்றிலும் செல்லோடு ஒட்டிய காப்பு சர்க்யூட் இடம்பிடித்தது. நாம் பேட்டரி என்று கழற்றிக் கையில் எடுத்தது எதுவும் வெறும் செல் அல்ல.

அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் நோக்கியாவின் பி.எல்-5சி நல்ல மாதிரி. தமிழ்நாட்டில் இந்தப் பேட்டரியைத் தொடாத கை குறைவு. கைபேசிகள் போன பின்னும் எஃப்.எம். ரேடியோக்களிலும் பாட்டுப் பெட்டிகளிலும் அதே அளவில், வேறு வேறு பெயர்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. மேலே ஒட்டியிருக்கும் லேபிளை உரித்தால் உள்ளே தட்டையான அலுமினிய டப்பா. அதுதான் செல். தலைப்பக்கம் கறுப்பு பிளாஸ்டிக் மூடி, அதில் தங்க முலாம் பூசிய மூன்று தொடுமுனைகள். மூடிக்குப் பின்னால் சுண்டுவிரல் நக அகலத்தில் நீளவாக்கில் ஒரு பச்சைப் பலகை. செல்லிலிருந்து வரும் நிக்கல் பட்டை அதில் புள்ளி வெல்டிங்கில் ஒட்டியிருக்கும். பலகையில் பெரும்பாலும் இரண்டே சில்லுகள்: ஆறு கால் வைத்தது ஒன்று, எட்டுக் கால் வைத்தது ஒன்று. கூட ஓரிரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர்.

ஆறு கால் சில்லுதான் கண். செல்லின் வோல்டேஜை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த வகையில் மிகப் பரவலான டி.டபிள்யூ.01 என்ற சில்லை எடுத்துக்கொண்டால், வோல்டேஜ் 4.3ஐ ஒட்டிப் போனால் சார்ஜை வெட்டும், 2.4க்குக் கீழே இறங்கினால் செல்லிலிருந்து எதையும் எடுக்கவிடாது. எட்டுக் கால் சில்லுதான் கதவு. அதற்குள் இரண்டு மாஸ்ஃபெட்டுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. ஏன் இரண்டு? மாஸ்ஃபெட் மூடியிருந்தாலும் ஒரு திசையில் மின்சாரத்தை விட்டுவிடும். அதன் உடம்பிலேயே ஒரு டையோடு இருக்கிறது. எனவே ஏறுகிற வழிக்கு ஒன்று, இறங்குகிற வழிக்கு ஒன்று.

எனக்கு இதில் பிடித்த விஷயம் அதன் சிக்கனம். மின்னோட்டம் அளவுக்கு மீறுகிறதா என்று அறியத் தனியாக ரெசிஸ்டர் வைக்கவில்லை. கதவின் தடையையே அளவுகோலாக்கிக்கொண்டார்கள். இரண்டு மாஸ்ஃபெட்டும் சேர்ந்து 50 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் குறுக்கே 150 மில்லிவோல்ட் தெரிந்தால் 3 ஆம்பியர் ஓடுகிறது என்று பொருள், கதவை மூடு. முழு ஷார்ட் என்றால் மில்லி விநாடிகூடக் காத்திருப்பதில்லை. இத்தனை வேலைக்கும் கண் சில்லு எடுத்துக்கொள்ளும் கூலி சுமார் 3 மைக்ரோ ஆம்பியர். 1020 மில்லி ஆம்பியர் மணி கொண்ட பி.எல்-5சியை அது மட்டுமே தின்று தீர்க்க 38 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்கு வெகுமுன்பே செல் தானாகவே செத்திருக்கும்.

இந்தப் பலகையோடு நித்தியம் மல்லுக்கட்டுகிறவர்கள் கைபேசி சர்வீஸ் கடைக்காரர்கள். மாதக்கணக்கில் மேசை இழுப்பறையில் கிடந்த பேட்டரியைக் கொண்டுவந்து கொடுத்தால் மீட்டரில் பூஜ்யம் காட்டும். செல் செத்துவிடவில்லை, 2.4க்குக் கீழே இறங்கியதால் கதவு மூடியிருக்கிறது. கடைக்காரர் பேட்டரியை பூஸ்டரில் வைத்து நேரடியாகக் கொஞ்சம் மின்சாரம் ஊட்டுவார். கதவு திறக்கும், மீட்டரில் எண் தெரியும், நம் முகத்தில் சிரிப்பு தெரியும். ஆனால் அந்தக் கதவு மூடியதற்கு ஒரு காரணம் இருந்தது. செல் மிக ஆழமாக வடிந்தால் கிராஃபைட்டைத் தாங்கியிருக்கும் செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடங்களில் போய்ப் படிந்து ஷார்ட்டுக்கு வழி போடும். சில நாள் கிடந்த பேட்டரிக்கு பூஸ்ட் தரலாம். வருஷக்கணக்கில் பூஜ்யத்தில் கிடந்ததையும், உப்பிப்போனதையும் எழுப்பாமல் விடுவதே மேல்.

2000களின் நடுவில் இத்தனை காவலையும் மீறி ஒரு விபத்து வரிசை தொடங்கியது. 2006 ஜூனில் ஒசாகாவில் நடந்த கூட்டம் ஒன்றில் டெல் மடிக்கணினி ஒன்று தீப்பிடித்து எரிந்த படம் இணையத்தில் பரவியது. ஆகஸ்டில் டெல் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்ப அழைத்தது. பத்து நாளில் ஆப்பிள் 18 லட்சம். பிறகு மற்றவர்கள். உள்ளே இருந்தவை எல்லாம் சோனியின் செல்கள். மொத்தம் 96 லட்சம் பேட்டரிகள் என்று கணக்கு. சோனி இதற்கு ஒதுக்கிய தொகை 5,100 கோடி யென். லித்தியம் அயனியை உலகுக்கு முதலில் விற்ற அதே நிறுவனம்.

காரணம் சார்ஜர் இல்லை, காப்பு சர்க்யூட்டும் இல்லை. தயாரிப்பின்போது நுண்ணிய உலோகத் துகள்கள் செல்லுக்குள் விழுந்திருந்தன. துகள் பிரிப்புத் தாளைத் துளைத்தால் ஷார்ட் செல்லின் வயிற்றுக்குள்ளேயே நடக்கிறது. வாசலில் உட்கார்ந்திருக்கும் சில்லு பார்ப்பது இரு முனைகளின் வோல்டேஜை. அதற்கு ஏதோ தப்பு என்று தெரிந்து கதவை மூடினாலும் பயன் என்ன? மின்சாரம் கதவு வழியாகப் போகவே இல்லையே.

செல்லைச் செய்தவர்கள் உள்ளேயும் சில தடைகள் வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிரிப்புத் தாள் பாலிஎத்திலீன். 130 டிகிரி செல்சியஸ் வாக்கில் அது இளகித் தன் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். அயனிப் போக்குவரத்து நிற்கும். மடிக்கணினிகளில் இருக்கும் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் உயரம் கொண்ட உருளைச் செல்லின் மூடிக்குள், வாயு அழுத்தம் ஏறினால் இணைப்பை அறுத்துவிடும் மெல்லிய தகடு ஒன்றும், அதையும் மீறினால் வாயுவை வெளியேற்றும் துவாரமும் உண்டு. இவை அதிகச் சார்ஜை, வெளி ஷார்ட்டை நன்றாகச் சமாளிக்கும். ஓர் இடத்தில் ஒரு புள்ளியில் திடீரென்று எழும் உள் ஷார்ட்டின் வேகத்துக்கு எப்போதும் ஈடுகொடுக்காது.

மறு ஆண்டு 2007 ஆகஸ்ட் 14. நோக்கியா ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை மட்சுஷிட்டா தயாரித்த 4 கோடியே 60 லட்சம் பி.எல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது ஷார்ட் ஆகி அளவுக்கு மீறிச் சூடாகலாம். கேட்பவர்களுக்கு இலவசமாக மாற்றித் தரப்படும். அதுவரை உலகம் முழுவதும் பதிவானது சுமார் நூறு சம்பவம்தான். ஆனால் இந்தியாவில் கைபேசி என்றாலே நோக்கியா என்றிருந்த காலம். ஸ்ரீபெரும்புதூரில் அதன் ஆலை திறந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. பின்மூடியைக் கழற்றிப் பேட்டரியின் பொடி எழுத்து எண்ணைப் படித்துச் சரிபார்க்கும் பழக்கம் நம் ஆட்களுக்கு வந்தது அப்போதுதான். தன் கைபேசிக்குள் என்ன இருக்கிறது என்று பலர் முதன்முதலாகக் கேட்டதும் அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தக் கலவரத்திலிருந்து உருப்படியாக ஒன்று பிறந்தது. 2007 ஏப்ரலில் ஜப்பானின் மின்னணுத் தொழில் சங்கமும் பேட்டரிச் சங்கமும் சேர்ந்து, முதலில் மடிக்கணினிகளுக்காக, பாதுகாப்பு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டன. அதன் சாரம்: 4.2 என்பது எல்லா வேளைக்கும் ஒரே கோடு அல்ல. செல் குளிர்ந்திருந்தால் மின்னோட்டத்தைக் குறை. 45 டிகிரிக்கு மேல் சுட்டால் வோல்டேஜ் கோட்டையே கீழே இறக்கு. உறைநிலைக்குக் கீழே சார்ஜே வேண்டாம். சார்ஜர் ஐ.சி.கள் வெப்பத்தையும் பார்த்துக் கோட்டை நகர்த்தக் கற்றுக்கொண்டன. சித்திரை வெயிலில் காரின் டாஷ்போர்டில் வைத்து, வழி காட்டச் சொல்லிக்கொண்டே சார்ஜில் போட்ட கைபேசி சார்ஜ் ஏற மறுக்கிறதென்றால், அது பழுதாகவில்லை. சொன்னதைக் கேட்கிறது.

ஒரு பக்கம் இப்படி. மறுபக்கம் கைபேசி மெலியவும் வேண்டும், அதிக நேரம் ஓடவும் வேண்டும் என்ற போட்டியில் கோடு மேலே நகர்ந்தது. செல்லின் வேதியியலைத் திருத்தி 4.35, பிறகு 4.4 என்று போனார்கள். பேட்டரியின் லேபிளைப் பார்த்தாலே தெரியும்: 3.7 வோல்ட் என்றிருந்தால் உச்சக் கோடு 4.2, 3.8 என்றால் பெரும்பாலும் 4.35, 3.85 என்றால் 4.4. பழைய ரகச் செல்லுக்குப் புது லேபிள் ஒட்டிய டூப்ளிகேட் பேட்டரியின் ஆபத்து இங்கேதான். கைபேசி லேபிளை நம்பி 4.35 வரை ஏற்றும். உள்ளே இருப்பது 4.2க்கு மேல் தாங்காத செல்.

2016 ஆகஸ்ட் 19இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 வெளிவந்தது. 3500 மில்லி ஆம்பியர் மணிப் பேட்டரி, ஒல்லியான உடம்பு. இரண்டே வாரத்தில் தீப்பிடித்த செய்திகள். செப்டம்பர் 2இல் 25 லட்சம் கைபேசிகளைத் திரும்ப அழைத்தார்கள். வேறொரு நிறுவனத்தின் பேட்டரி போட்டு மாற்றிக் கொடுத்தார்கள். அதுவும் எரிந்தது. அக்டோபர் 11இல் தயாரிப்பையே நிறுத்தினார்கள். அந்தப் பரபரப்புக்கு நடுவே செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானத்தில் தலைக்கு மேலுள்ள பெட்டித் தட்டிலிருந்து புகை வந்தது. பையில் இருந்தது சாம்சங்தான், ஆனால் நோட் 7 அல்ல. பழைய நோட் 2. பணியாளர்கள் தீயணைப்பானை அடித்து, கைபேசியைத் தண்ணீர் நிறைந்த கலத்தில் போட்டுக் கழிவறையில் வைத்தார்கள். விமானம் பத்திரமாக இறங்கியது.

2 லட்சம் கைபேசிகளையும் 30,000 பேட்டரிகளையும் சோதித்த பிறகு, 2017 ஜனவரி 23இல் சாம்சங் காரணத்தைச் சொன்னது. முதல் நிறுவனத்தின் செல்லில், வெளி உறை இடம் தராமல் மேல் மூலையில் எதிர்மின் தகடு வளைந்திருந்தது. இரண்டாவதில் வெல்டிங் பிசிறு கூர்மையாக நீட்டிக்கொண்டிருந்தது. சிலவற்றில் காப்பு டேப்பே ஒட்டப்படவில்லை. கைபேசியின் சார்ஜ் சர்க்யூட்டில் குற்றம் இல்லை. பத்து ஆண்டுக்கு முன் சோனி செல்லில் நடந்த கதையே, துகளுக்குப் பதில் பிசிறு.

இதற்குள் சாம்சங்குக்கு இன்னொரு தலைவலி இருந்தது. திருப்பிக் கொடுங்கள் என்று எவ்வளவு கெஞ்சியும் சிலர் கைபேசியைக் கொடுக்க மறுத்தார்கள். அப்போது அது எடுத்த ஆயுதம் சார்ஜ் கோடுதான். செப்டம்பரில் தென்கொரியாவில் மென்பொருள் ஒன்றை அனுப்பி, நோட் 7இல் சார்ஜ் 60 சதவீதத்துக்கு மேல் ஏறாதபடி செய்தது. அதற்கும் மசியாதவர்கள் இருந்தார்கள். டிசம்பரில் அமெரிக்காவில் அடுத்த மென்பொருள் போனது. அதை வாங்கிய கைபேசியில் சார்ஜ் ஏறவே ஏறாது. சிலிக்கானில் நிரந்தரமாகச் செதுக்கிய கோடு, கடல் கடந்து உட்கார்ந்து நகர்த்தக்கூடிய கோடாக மாறியிருந்தது.

அதற்குக் கைபேசி முதலில் பேசக் கற்றிருக்க வேண்டும். முக்கியமாகத் தன் சார்ஜரோடு. எனக்கு எத்தனை ஆம்பியர் தருவாய் என்று ஒரு கைபேசி கேட்க ஆரம்பித்ததும், இரண்டு கம்பிகளை வெறுமனே சேர்த்துக் கட்டி அதற்குச் சீனாவில் பதில் சொன்னதும் அடுத்த வாரம்.

(தொடரும்)